பில்லில் வரும் தர்மம் யாருடைய பணம்?

(விருதுநகரில் வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு விஷயம். எவ்வளவு சிறியது என்றால், ஒரு ரூபாய்! கடைக்குப் போகிறீர்கள். சாமான்களை எடுத்துக் கொண்டு பில் போடும் இடத்தில் நிற்கிறீர்கள். பில் 499 ரூபாய் வருகிறது. "சார், ஒரு ரூபாயை ஏழைக் குழந்தைகள் படிப்புக்குச் சேர்த்துக் கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? தலையை ஆட்டி விடுவீர்கள். பில் 500 ஆகிவிடும். வீட்டுக்கு வருவதற்குள் அதை மறந்தும் விடுவீர்கள்.

ஒரு ரூபாயில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பில். பில்லுக்கு ஒரு ரூபாய். ஒரு வருடத்தில் 3 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய்! அப்படி நூறு கிளைகள் இருந்தால் 3 கோடியே 65 லட்சம்! அமெரிக்காவில் இந்த முறையில் பெரிய நிறுவனங்களின் கல்லாக்களில் மட்டும் 2022-ம் ஆண்டில் 74 கோடி டாலருக்கு மேல் திரண்டிருக்கிறது. ஒரு ரூபாய் சிறியது. ஒரு ரூபாய்களின் கூட்டம் சிறியதல்ல.

ஆக, கேள்வி இதுதான். அந்தப் பணம் யாருடைய பணம்? கொடுத்தவருடையதா? வாங்கிய கடைக்காரருடையதா? போய்ச் சேர வேண்டிய ஏழையினுடையதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கொடுப்பவரும் தவறு செய்கிறார். விடை தெரியாமல் வாங்குபவர் அதைவிடப் பெரிய தவறைச் செய்கிறார்.

முதலில் ஒரு வதந்தியை ஒதுக்குவோம்

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் இளைஞர்கள் ஒன்று சொல்வார்கள். "அவன் நம்மிடம் வாங்கி, தன் பெயரில் வரிச் சலுகை எடுத்துக் கொள்கிறான்" என்பார்கள். உலகம் முழுவதும் பரவியிருக்கும் பேச்சு இது. ஆனால் முறைப்படி கணக்கு வைக்கும் கடையைப் பொறுத்தவரை இது சரியல்ல. நீங்கள் கொடுத்த தர்மப் பணம் கடையின் வருமானத்தில் சேருவதில்லை. வருமானத்தில் சேராத தொகைக்கு வரிக் கழிவு எப்படி வரும்? நம் நாட்டில் 80ஜி என்று நாம் அறிந்த சலுகை நன்கொடை கொடுத்தவருக்கு உரியது. அதைப் பெற உங்கள் பெயரில், தர்ம ஸ்தாபனம் கொடுத்த ரசீது வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகையும் கிடையாது.

ஒருவர் செய்யாத குற்றத்தை அவர் மீது சுமத்துவது நமக்கு ஆகாது. குறை சொல்வதாக இருந்தால் உண்மையான குறையைச் சொல்வோம். அது வேறு இடத்தில் இருக்கிறது.

நம் ஊர் மண்ணில் எழுதிய பாடம்

வியாபாரத்தோடு சேர்த்துத் தர்மத்தை எடுப்பது வெளிநாட்டுக் கடைகள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணி விடாதீர்கள். இந்த விருதுநகரில், சிவகாசியில், அருப்புக்கோட்டையில், சாத்தூரில் நூறு வருடங்களுக்கு முன்பே இது இருந்தது. இதற்குப் பெயர் மகமை.

நாடார் சமுதாய வியாபாரிகள் பேட்டைகளை அமைத்துக் கொண்டு, மூட்டைக்கு இவ்வளவு என்று தங்கள் வியாபாரத்தின் மீது தாங்களே ஒரு வரியை விதித்துக் கொண்டார்கள். பேட்டைக்கு வந்த சரக்குக்கும் பேட்டையை விட்டுப் போன சரக்குக்கும் மகமை உண்டு. உறவின்முறை அதை வசூலித்தது. கிணறு வெட்டினார்கள். சாவடி கட்டினார்கள். கோயில் கட்டினார்கள். 1889-ம் ஆண்டு இதே விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் துணையாக நின்றது. பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்று அதைச் சொல்வார்கள். 1903-ம் ஆண்டு இந்த ஊரில் பிறந்த காமராஜர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர்தான் பின்னாளில் முதலமைச்சராகி, தமிழ்நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார்.

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டு, அவமானப்படுத்தப்பட்டு நின்ற ஒரு சமுதாயம் தலை நிமிர்ந்ததில் மூட்டைக்கு மூட்டை எடுத்து வைத்த அந்தக் காசுக்குப் பங்கு இல்லையா? நம் சமுதாயத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் 1951-ல் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. தோல் வியாபாரம் செய்த ஜமால் முகமது சாகிபின் பெயரும் காஜா மியான் ராவுத்தரின் பெயரும் அந்தக் கல்லூரியோடு இன்றும் சேர்ந்து நிற்கின்றன. வியாபாரத்திலிருந்து கல்வி பிறந்த கதைகள் இவை.

அப்படியானால் மகமைக்கும் இன்றைய கடைகளில் கேட்கும் ஒரு ரூபாய்க்கும் என்ன வித்தியாசம்? மூன்று வித்தியாசங்கள் இருக்கின்றன.

ஒன்று, மகமையை வியாபாரி முதலில் தன் மீதே விதித்துக் கொண்டான். தன் மூட்டையைக் கணக்கில் வைத்தான். இன்று கல்லாவில் இருப்பவர் வாடிக்கையாளரின் சட்டைப்பையைப் பார்க்கிறார்.

இரண்டு, மகமை கொடுத்தவன் உறவின்முறையின் ஆள். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை அவனுக்கு இருந்தது. இன்று ஒரு ரூபாய் கொடுத்த உங்களுக்குக் கணக்குக் கேட்க எந்தக் கதவு திறந்திருக்கிறது?

மூன்று, மகமைப் பணம் எங்கே போனது என்பதைக் கண்ணால் காணலாம். கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாம். இன்று நீங்கள் கொடுத்த ரூபாய் எந்த ஊரில், எந்தப் பிள்ளையின் கையில் புத்தகமாக மாறியது? யாருக்குத் தெரியும்?

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

வட இந்தியாவிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே அதற்குத் தர்மாதா என்று பெயர். சரக்கின் விலையைத் தனியாகவும் தர்மாதாவைத் தனியாகவும் பில்லில் எழுதுவார்கள். ஹாத்ரஸ் என்ற ஊரில் இருந்த பிஜ்லி காட்டன் மில்ஸ் என்ற நூற்பாலை தன் வாடிக்கையாளர்களிடம் இப்படி வசூலித்து வந்தது. வருமான வரித் துறை விடவில்லை. "பில்லில் வாங்கிய பணம்தானே? இதுவும் உங்கள் வருமானம்தான். வரி கட்டுங்கள்" என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1970-களின் இறுதியில் தீர்ப்பு வந்தது. தர்மாதா என்று வாங்கும்போதே அந்தப் பணம் தர்மத்துக்கு என்று ஒதுக்கப்பட்டு விட்டது. ஆலை அதன் உரிமையாளர் அல்ல, அதைக் காப்பாற்றிக் கொண்டு போய்ச் சேர்க்கக் கடமைப்பட்ட பொறுப்பாளர். ஆகவே அது ஆலையின் வருமானமாகாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிறகு கலால் வரி விஷயத்தில் இதே கேள்வி எழுந்தது. தர்மாதாவையும் சரக்கின் விலையோடு சேர்த்து வரி போட வேண்டும் என்ற கருத்தும் இடையில் நீதிமன்றத்தில் இடம் பெற்றது. 2019-ம் ஆண்டு டி.ஜே. மல்பானி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தர்மத்துக்காக வாங்கிய தொகை சரக்கின் விலையல்ல, அது நம்பி ஒப்படைக்கப்பட்ட பணம் என்று தெளிவாக்கியது.

வியாபாரிகளே! நாட்டின் உச்ச நீதிமன்றம் சட்ட மொழியில் சொன்ன அந்தப் பொறுப்புக்கு நம் மொழியில் என்ன பெயர்? அமானிதம்! பில்லில் தர்மம் என்று எழுதி ஒரு ரூபாய் வாங்கிய அந்த நிமிடத்திலேயே அது உங்கள் கல்லாவில் இருக்கும் பிறர் பணமாகி விடுகிறது. அதைச் சரக்கு வாங்கப் புரட்டக் கூடாது. "இந்த மாதம் நெருக்கடி, அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்து விடலாம்" என்று கையாளக் கூடாது. சொன்ன காரியத்தை விட்டு வேறு காரியத்துக்குக் கொடுக்கவும் கூடாது. அமானிதத்தில் கை வைப்பவனின் நிலை மறுமையில் என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இம்மையிலும் அதற்கு நம்பிக்கை மோசடி என்று பெயர்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு

இனி, கொடுப்பவரின் பக்கம் வருவோம். தர்மம் என்பது மனமுவந்து கொடுப்பது. நிய்யத் இல்லாத தர்மம் எப்படித் தர்மமாகும்? பில்லில் தானாகவே ஒரு ரூபாய் சேர்ந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவே இல்லை என்றால் நீங்கள் ஸதகா கொடுத்தீர்களா, அல்லது உங்களிடமிருந்து எடுத்துக் கொண்டார்களா?

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதல்ல. 2023-ம் ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சில விதிமுறைகளை வெளியிட்டது. இணையத்தில் பொருள் விற்பவர்கள் நுகர்வோரை மடக்கும் தந்திரங்களை அது வரிசைப்படுத்தித் தடை செய்தது. அந்தத் தந்திரங்களில் ஒன்று, பணம் கட்டும் கடைசி நேரத்தில் வாங்குபவரின் சம்மதம் இல்லாமல் வேறு எதையாவது கூடையில் சேர்த்து விடுவது. அப்படிச் சேர்க்கப்படுபவற்றின் பட்டியலில் தர்மப் பணத்தையும் நன்கொடையையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள்! இன்னொன்று, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது. அதற்கும் அவர்கள் காட்டிய உதாரணம் தர்மம்தான். தர்மத்தை வேண்டாம் என்று நீக்கப் போனால், "தர்மமெல்லாம் பணக்காரர்களுக்கு, எனக்கு அக்கறை இல்லை" என்ற பொருளில் ஒரு வாசகத்தை அழுத்தச் சொல்வது.

சினிமா டிக்கெட் விற்கும் புக் மை ஷோ நிறுவனம் டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் தன் தர்மத் திட்டத்துக்குத் தானாகவே சேர்த்து வந்தது. நுகர்வோர் துறை தலையிட்ட பிறகு, விரும்பியவர் மட்டும் சேர்த்துக் கொள்ளும்படி அது மாற்றப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உங்கள் அண்ணன் தம்பிகள் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் அங்கே நன்கொடை திரட்ட முடியாது. 2021-ம் ஆண்டு அதற்கென்று சட்டமே கொண்டு வந்தார்கள்.

ஆனால் இணையத்துக்கு உள்ள விதி இருக்கட்டும். கடைத்தெருவில் நாம் நடத்தும் முறை என்ன? சில்லறை இல்லை என்று சொல்லி மீதியைத் தர்ம உண்டியலில் போடுவது எத்தனை கடைகளில் நடக்கிறது! முன்பு மிட்டாயைக் கையில் திணித்தார்கள், இப்போது தர்மத்தைத் திணிக்கிறார்கள். செல்போனைக் காட்டிப் பைசா சுத்தமாகப் பணம் கட்டும் காலத்தில் சில்லறை இல்லை என்பது என்ன சமாதானம்? மீதிச் சில்லறை வாடிக்கையாளரின் உரிமை. அதைக் கொடுத்து முடித்த பிறகு, "விருப்பம் இருந்தால் அந்த உண்டியலில் போடுங்கள்" என்று சொல்வதுதான் முறை.

பில் போடும் அந்தத் தங்கையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கால் கடுக்க நின்று வேலை செய்யும் அவரை, வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வைக்கிறோம். கோபப்படுபவரின் பேச்சை அவர்தான் கேட்கிறார். நல்ல பெயர் மட்டும் முதலாளிக்குப் போகிறது.

பெயர் யாருக்கு?

பெயர் என்றதும் நபி (ஸல்) அவர்கள் காலத்து ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர் தம் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற பொருள்படக் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை இன்றைய கல்லாவுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் கொடுத்த ஆயிரம் ரூபாயைத் திரட்டிப் பெரிய காசோலையாக எழுதி, மேடையில் கொடுத்து, போட்டோ எடுத்து, பத்திரிகையில் போடுகிறவருக்குக் கிடைக்கும் பெயர் யாருடைய பணத்தில் வந்தது? வாடிக்கையாளர்கள் கொடுக்காமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த மேடை கிடைத்திருக்குமா? கடைக்காரர் வாங்கிச் சேர்ப்பவர்தான். சேர்த்த கூலி இறைவனிடம் உண்டு. ஆனால் கொடுத்தவர் பெயரை மறைத்து விட்டுத் தன் பெயரைப் போட்டுக் கொண்டால் என்ன நியாயம்?

பெரிய கம்பெனிகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவு என்ன சொல்கிறது? 500 கோடி ரூபாய் சொத்து மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்பனையோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருடங்களின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கவனியுங்கள்! கம்பெனியின் இலாபத்திலிருந்து. நீங்கள் கல்லாவில் கொடுத்த ஒரு ரூபாய் கம்பெனியின் இலாபமல்ல. ஆகவே ஒரு பெரிய கடை உங்களிடம் தர்மம் கேட்டால், நீங்கள் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம். "என் ஒரு ரூபாய் இருக்கட்டும் ஐயா, இந்தக் காரியத்துக்கு நீங்கள் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?"

நம் கடை உண்டியல்கள்

மற்றவர்களைப் பேசி விட்டு நம்மை விட்டு விட்டால் அது நீதியாகாது. நம் ஜவுளிக்கடையில், பலசரக்குக் கடையில், பிரியாணிக் கடையில் உண்டியல்கள் இல்லையா? மதரஸாவுக்கு ஒன்று, அனாதை இல்லத்துக்கு ஒன்று, கட்டடப் பணிக்கு ஒன்று. சிலவற்றில் ஊர் பெயர் அழிந்து போயிருக்கும். எப்போது திறந்தார்கள், எவ்வளவு இருந்தது, யார் எடுத்துப் போனார்கள்? கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது! "யாரோ வந்து வைத்தார்கள், யாரோ வந்து எடுத்துப் போகிறார்கள்" என்பார். நன்கொடை ரசீதுப் புத்தகம் அச்சடிப்பது எவ்வளவு எளிது என்பது அச்சுத் தொழிலில் வாழும் சிவகாசிக்காரர்களுக்குத் தெரியாததா? ரசீது இருப்பதாலேயே ஸ்தாபனம் இருக்கிறது என்று அர்த்தமாகி விடாது.

இன்னொன்றையும் நெஞ்சில் கை வைத்து யோசியுங்கள். நம் கடைக்கு வருபவர்கள் நம் சமுதாயத்தவர் மட்டுமா? நாடார், தேவர், நாயக்கர், தலித் என்று எல்லாச் சகோதரர்களும் வருகிறார்கள். அவர்களிடம் "ஏழைகளுக்கு" என்று பொதுவாகச் சொல்லி வாங்கி, நம் பள்ளிவாசல் கட்டடத்துக்கோ மதரஸாவுக்கோ கொடுத்தால் அது சரியா? வேறொரு கடையில் நம்மிடம் இப்படிப் பொதுவாக வாங்கி, நாம் அறியாமல் வேறு காரியத்துக்குக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? நமக்கு எது பிடிக்காதோ அதைப் பிறருக்கும் செய்யக் கூடாது. உண்டியலில் காரியத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். விருப்பப்பட்டவர் தெரிந்து கொடுக்கட்டும்.

ஜகாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லாவில் போட்ட சில்லறைகளைக் கூட்டி, "என் ஜகாத்தில் கழித்துக் கொள்கிறேன்" என்று நினைத்து விடாதீர்கள். ஜகாத் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. நாற்பதில் ஒன்று என்று அளவு உண்டு. யாருக்குச் சேர வேண்டும் என்ற எட்டு வகையினரையும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் குறிப்பிடுகிறது. எங்கே போகிறதென்றே தெரியாத ஒரு ரூபாய் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றும்?

பட்டாசு பூமியில் எது தர்மம், எது உரிமை?

இந்த மாவட்டத்தில் பேசும்போது ஒரு விஷயத்தை விட்டு விட்டுப் போக முடியாது. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகாவது நின்றதா? 2021-ல் அச்சங்குளம், 2023-ல் ரெங்கபாளையம், 2024-ல் செங்கமலப்பட்டி, 2025-ல் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறிக் கொண்டே இருக்கின்றன. தாயை இழந்த பிள்ளைகள், தீக்காயத்தோடு படுத்திருப்பவர்கள், வேலைக்குப் போக முடியாத கைகள்.

இவர்களுக்காக ஒரு கடை உண்டியல் வைத்தால் அது நல்ல காரியம். நாமும் போடுவோம். வெடித்த மறுநாள் ரத்தம் கொடுக்கவும் ஓடுவோம். அந்த நேரத்தில் சாதி மதம் பார்ப்பவன் மனிதனல்ல. ஆனால் எதை உண்டியலில் வாங்குவது, எதை உரிமையாகக் கேட்டு வாங்குவது என்ற வித்தியாசம் தெரிய வேண்டும். முறையான கூலி உரிமை. பாதுகாப்பான வேலைத் தளம் உரிமை. இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி உரிமை. விபத்துக்கு இழப்பீடு உரிமை. ஓர் அறையில் அனுமதித்த ஆட்களுக்கு மேல் உட்கார வைக்காமல் இருப்பது ஆலைக்காரரின் கடமை. இவற்றைக் கொடுக்காமல் விட்டு விட்டு, செத்தவர்களின் பிள்ளைகளுக்கு வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய் வாங்கிக் கொடுப்பது தர்மமாகாது. கடனை அடைக்காதவன் கடன் கொடுத்தவனுக்கு அன்னதானம் செய்வது போன்றது அது.

தீபாவளி நேரத்தில் வெளியூர்க் கார்கள் இந்தச் சாலைகளில் வரிசையாக நிற்கும். பட்டாசுக் கடைகளில் கூட்டம் அலைமோதும். அந்த நேரத்தில் பெட்டிக்கு இவ்வளவு என்று தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு வியாபாரிகள் தாங்களே ஒதுக்கினால் அது மகமையின் மறுபிறவியாக இருக்கும். ஆனால் அது வியாபாரியின் இலாபத்திலிருந்து வரட்டும். கணக்கு ஊர் அறிய வரட்டும்.

வியாபாரிகள் செய்ய வேண்டியவை

வியாபாரப் பெருமக்களே! குறையை மட்டும் சொல்லி விட்டு நான் போகப் போவதில்லை. நாளையே கடையில் செய்யக் கூடிய காரியங்களைச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் பங்கைப் போடுங்கள். வாடிக்கையாளர் ஒரு ரூபாய் போட்டால் கடையும் ஒரு ரூபாய் போடும் என்று எழுதி வையுங்கள். போட முடியாது என்றால் கேட்காதீர்கள்.

2. காரியத்தையும், பணம் போய்ச் சேரும் ஸ்தாபனத்தின் முழுப் பெயரையும், அதன் பதிவு எண்ணையும் கல்லாவுக்கு அருகில் ஒட்டுங்கள்.

3. மீதிச் சில்லறையைக் கையில் கொடுங்கள். வாய் திறந்து கேட்க வேண்டாம், எழுதி வைத்தால் போதும். விரும்பியவர் போடுவார். போடாதவரின் முகத்தைப் பார்க்காதீர்கள்.

4. தர்மப் பணத்துக்குத் தனி நோட்டு, தனி வங்கிக் கணக்கு. கல்லாப் பணத்தோடு ஒரு நாள் கூடக் கலக்க வேண்டாம். உண்டியலைத் திறக்கும்போது ஜமாஅத்தார் ஒருவரும் வாடிக்கையாளர் ஒருவரும் உடன் இருக்கட்டும்.

5. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, எங்கே கொடுத்தோம், ரசீது இதோ என்று கடை வாசலில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் "எங்கள் வாடிக்கையாளர்கள் கொடுத்தது" என்று தலைப்புப் போடுங்கள். உங்கள் கடையின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தால் போதும்.

இப்படிச் செய்தால் வியாபாரம் குறைந்து விடும் என்று பயப்படாதீர்கள். கணக்கு ஒட்டும் கடையில் எடையும் சரியாக இருக்கும் என்று ஜனங்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கையை எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாது.

இளைஞர்களே!

உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கல்லாவில் நிற்கும்போது கூச்சத்துக்காகக் கொடுக்காதீர்கள், கோபத்துக்காக மறுக்கவும் செய்யாதீர்கள். "எந்த ஸ்தாபனம்? கணக்கு எங்கே பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பில் போடுபவரிடம் சண்டை போடாதீர்கள், மேலாளரிடம் கேளுங்கள். பில்லில் உங்களைக் கேட்காமல் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஒரு ரூபாய்க்காகவா என்று கேட்பார்கள். ஒரு ரூபாய்க்காக அல்ல, சம்மதத்துக்காக என்று சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். கல்லாவில் மறுத்து விட்டு, வெளியே வந்து டீ குடித்து விட்டுப் போய் விட்டால் நீங்கள் ஜெயித்ததாகாது! அங்கே கொடுக்காத ரூபாய் வேறு எங்காவது போய்ச் சேர வேண்டும். உங்கள் தெருவிலேயே கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கும் பிள்ளை இருக்கிறது. தீப்பெட்டிக் கட்டை அடுக்கி முதுகு வளைந்த பாட்டி இருக்கிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பவருக்கு மறுமையில் இறைவனின் நிழல் உண்டு என்று நபியவர்கள் நற்செய்தி சொன்னார்கள். பகிரங்கமாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்துக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 271-வது வசனம் உணர்த்துகிறது. அதற்குக் கல்லாவும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

தெருவுக்குப் பத்து இளைஞர்கள் சேருங்கள். வாரத்துக்கு இருபது ரூபாய் எடுத்து வையுங்கள். வருடத்துக்குப் பத்தாயிரத்து நானூறு ரூபாய் ஆகிறது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் அது ஒரு நல்ல பங்கு. நோட்டில் எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு கணக்கை வாசியுங்கள். பிடி அரிசியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்த ஊர் இது. அந்த அரிசியை எடுத்து வைத்த பெண்களிடம் என்ன செல்வம் இருந்தது? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அவர்களில் பலர். ஆனால் தங்கள் அரிசி எந்தப் பானையில் வேகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் கொடுக்கும் ரூபாயைப் பற்றி நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

மனமுவந்து கொடுக்கும் கைகளையும், வாங்கிய அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கும் நேர்மையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!